நீத்துப்பெட்டிப் புட்டின் நிறை என்ன? போசாக்கியல் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வெளியாகிற காலத்தில், கோண்டாவிலில் எங்கள் வீட்டுப் படலையைத் தட்டிக்கொண்டு ஒரு தாயாவது மகளைக் கூட்டி வருவார். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மருத்துவத்துக்குப் போதவில்லை. "பிள்ளை, நீர் படித்த அந்தச் சாப்பாட்டுப் படிப்பைப் பற்றி இவளுக்குக் கொஞ்சம் சொல்லும்" என்பார். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றேன். "சமைக்கப் பழக நாலு வருடமா?" என்று என் பெரியம்மா கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு அப்போது எனக்கும் பதில் தெரியாது. இப்போது தெரிந்ததை எழுதிவைக்கிறேன். படலை தட்டுகிறவர்களுக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்தால் போதும்.

முதலில் செய்ய வேண்டியது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை எடுத்து, பாடநெறிப் பெயர்களைச் சொல்லுக்குச் சொல் வாசிப்பது. ஒன்றுபோலத் தோன்றும் பெயர்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வயம்ப பல்கலைக்கழகத்தின் மாக்கந்துர வளாகத்தில் உள்ளது உணவு விஞ்ஞானமும் போசணையும். பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர போன்ற இடங்களில் உள்ளது உணவு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும். பின்னது, உணவு தொழிற்சாலையிலிருந்து கடைத் தட்டுக்குப் போகும்வரை அதன் பின்னால் போகிறது. முன்னது, அதே உணவு வாய்க்குள் போன பிறகும் விடாமல் துரத்துகிறது. வீட்டை விட்டுத் தூரம் போக முடியாதவர்களுக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. விவசாயம் படித்துவிட்டு உணவுத் துறைக்குள் நுழைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அனுமதிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு அந்த ஐந்தில் பங்குண்டு.  கலைப் பிரிவில் மனைப்பொருளியல் எடுத்தவர்கள் இந்தப் பட்டங்களுக்குள் வர முடியாது. அவர்களின் வழி பெரும்பாலும் ஆசிரியத் தொழில், அதுவும் நல்ல வழிதான்.

இரசாயனவியலை வெறுப்பவர்கள் தயவுசெய்து யோசியுங்கள். எங்கள் முதல் வருடத்தில் ஆய்வுகூடத்துக்கு அவரவர் வீட்டுத் தின்பண்டம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் அம்மா அனுப்பிய பருத்தித்துறை வடையைக் கொண்டுபோனேன். அதை இடித்துத் தூளாக்கி, தாள் குழாயில் அடைத்து, சொக்ஸ்லெட் கருவியில் வைத்தோம். கீழே கொதிக்கும் கரைப்பான் ஆவியாக ஏறி, குளிர்ந்து, வடையின்மேல் சொட்டுச் சொட்டாக விழும். நிரம்பியதும் ஒரே மூச்சில் கீழே இறங்கும். மணிக்கணக்காக இதே கூத்து. முடிவில் கரைப்பானை ஆவியாக்கினால், குடுவையின் அடியில் மஞ்சளாக எண்ணெய் மட்டும் நிற்கும். என் வடையில் நூறு கிராமுக்கு 31 கிராம். அறைத் தோழிகள் அதுவரை அந்தப் பொதியை நாளுக்கு ஒரு பிடியாகத் தின்றுகொண்டிருந்தார்கள். அன்றிரவும் தின்றார்கள். இலக்கத்தைச் சொன்னால் மட்டும் மனிதர் மாறமாட்டார் என்ற பாடம் எனக்கு விரிவுரைக்கு முன்பே கிடைத்துவிட்டது.

புரதத்தை அளப்பது இன்னும் சுற்றுவழி. உணவைச் செறிந்த கந்தகவமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைதரசனை அளந்து, 6.25 ஆல் பெருக்க வேண்டும். பைக்கற்றில் 'புரதம்' என்று அச்சிட்டிருக்கும் எண் வழக்கமாக இப்படித்தான் பிறக்கிறது. உயிரிரசாயனம், நுண்ணுயிரியல், உடற்றொழிலியல், புள்ளிவிவரவியல் என்று நாலு வருடமும் இதே தடத்தில் ஓடும். பாடமொழி ஆங்கிலம். கிராமத்துத் தாய்மாரைச் சந்திக்கும் களவேலைக்குச் சிங்களமும் வேண்டும். போகுமுன் கிடைக்கிற மாதங்களில் பேச்சுச் சிங்களம் பழகுங்கள். நான் பழகாமல் போய், முதல் கிளினிக்கில் ஊமையாக நின்றேன்.

இனி, இந்தத் தொழிலின் உயிர்நாடி. ஒருவர் உண்மையில் என்ன சாப்பிடுகிறார் என்று கண்டுபிடிப்பது. கேட்க எளிதாக இருக்கும், செய்து பாருங்கள்.

நீரிழிவுள்ள ஒரு ஐயா என்னிடம் வந்தார். சோற்றைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். ஐயா குறைக்கவில்லை, இரவுச் சோற்றை முற்றாகவே விட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறது. "பொய் சொல்லவில்லை பிள்ளை, இரவில் ஒரு பருக்கை தொடுவதில்லை" என்றார். உண்மைதான். இரவில் அவர் சாப்பிட்டது புட்டு. அவர் கணக்கில் புட்டு 'மாச்சாப்பாடு', சோறு அல்ல. புட்டு அவிக்கும் ஓலைக் கூடையை நாங்கள் நீத்துப்பெட்டி என்போம். எவ்வளவு என்று கேட்டேன். "அரை நீத்துப்பெட்டி." கூடவே ஒரு கதலி வாழைப்பழம். அவர் கைவிட்ட சோற்றைவிட அதிக மாச்சத்து, புட்டு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அரை நீத்துப்பெட்டி என்றால் எத்தனை கிராம்? எந்த அட்டவணையிலும் அது இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து தராசை எடுத்தேன். அம்மாவின் நீத்துப்பெட்டி ஒரு அவியலுக்கு 720 கிராம் புட்டு இறக்கியது. அம்மம்மாவிடமிருந்த பழையது 430. ஐயாவின் மனைவியிடம் அவர்களுடையதைக் கொண்டுவரச் சொன்னேன். சிரித்தபடி கடதாசியில் சுற்றி அடுத்த கிழமை கொண்டுவந்தார். அதன் பிறகு, அந்த வீட்டுப் புட்டில் மாவைக் குறைத்து முருங்கையிலையையும் அவித்த பயறையும் சேர்ப்பது, அளவைப் பெட்டியில் அல்லாமல் சிறு கோப்பையில் எடுப்பது, முதலில் மீனும் கறியும் பிறகு புட்டு என்று ஒரு ஒழுங்கு செய்தோம். புட்டை நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐயா என்னைத்தான் நிறுத்தியிருப்பார்.

ஆகவே, விண்ணப்பிக்குமுன் இதைச் செய்து பாருங்கள். சமையலறைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, வீட்டில் ஒருவர் மூன்று நாள் சாப்பிடுவதையெல்லாம் எழுதுங்கள். அதில் ஒரு நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும், மரக்கறி நாளில் தட்டு வேறு மாதிரி இருக்கும். "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள், அதற்கு வருவது நல்ல பிள்ளைப் பதில். எழும்பியவுடன் என்ன, கோயிலுக்குப் போய் வந்த பிறகு என்ன, வேலிக்கரையில் நின்று கதைக்கும்போது கையில் என்ன இருந்தது என்று நாளின் போக்கில் கேளுங்கள். முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் ஒருமுறை சுளித்தால், அடுத்த நாள் பதிவேட்டில் பொய்தான் இருக்கும். மூன்றாம் நாளும் உங்களுக்கு அலுக்கவில்லையென்றால் இந்தப் படிப்பு உங்களுக்கானது.

வேலைகளைப் பற்றி. வைத்தியசாலைப் பதவிகள் குறைவு, உடனே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். நான் முதலில் போன ஒரு வைத்தியசாலையில் எனக்குத் தந்த இடம் களஞ்சிய அறையின் மூலை. வேலை, மரக்கறி நிறையைச் சரிபார்ப்பது. நோயாளியைக் காண ஏழு மாதம் ஆனது. கசப்பில்லாமல் சொல்கிறேன் என்று எழுத நினைத்தேன், ஆனால் கசப்பு இருக்கிறது.

சமூகப் பணியில் இதைவிட அசைவு அதிகம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை கிளினிக்குகளில் குடும்பநல உத்தியோகத்தர்களோடு வேலை செய்தால், திரிபோஷாவின் கதை முழுவதும் தெரியும். சோளமும் சோயாவும் சேர்த்த அந்த மா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படுகிறது. வீட்டுக்குப் போனால் மாமாவும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பிள்ளையின் வளர்ச்சிக் கோடு ஏன் ஏறவில்லை என்பதற்கு விடை பல நேரம் அந்த உருண்டையில் இருக்கும்.

வேலை எண்ணிக்கையில் முன்னிற்பது உணவுத் தொழிற்சாலைகள்தான். அவற்றில் பெரியவை கொழும்பையும் மேல் மாகாணத்தையும் சுற்றி இருக்கின்றன. தரக்கட்டுப்பாடு, புதிய உற்பத்தி, லேபல் தயாரிப்பு என்று போகும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தையும் அதன் கீழ் வந்த விதிகளையும் படித்துவைத்திருங்கள், நேர்முகத்தில் உதவும். மென்பானப் போத்தலில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சைப் புள்ளிகள் 2016இல் வந்தது அப்படியொரு விதியால்.

யாழ்ப்பாணத்திலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு என் கண்ணில் படும் இடம் வேறு. இங்கே வீட்டுக்கு வீடு மிளகாய்த்தூள் வறுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சரியாகக் காயாத மிளகாயில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்லாரொக்சின் என்ற நஞ்சு உருவாகும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. ஒரு பெட்டி துறைமுகத்தில் நிராகரிக்கப்பட்டால் அதை அனுப்பிய பெண்ணின் முதலீடே போய்விடும். ஈரப்பதன் அளக்கவும், லேபல் எழுதவும், இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தரச் சான்றுக்கு ஆவணம் சேர்க்கவும் அவர்களுக்கு ஆள் தேவை. நான் இப்போது மாதத்தில் பாதி நாள் செய்வது இதைத்தான். பனையும் இருக்கிறது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பனம்பழத்தின் கசப்புக்குக் காரணமான ஃபிளாபெல்லிஃபெரின் பற்றி இலங்கையில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டும், காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் பட்டதாரிகளுக்காகக் காத்திருக்கின்றன.

கனடா, லண்டன் மாமாமாரின் ஆலோசனைக்கு ஒரு வார்த்தை. 'டயட்டீஷியன்' என்ற பெயர் பிரித்தானியாவில் சட்டப் பாதுகாப்புள்ளது, பதிவில்லாமல் பயன்படுத்த முடியாது. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் பதிவு. அமெரிக்காவில் பதிவுப் பரீட்சைக்கு 2024 முதல் முதுகலைப் பட்டமும் வேண்டும். இலங்கைப் பட்டத்தோடு இறங்கியவுடன் வேலை என்று யாராவது சொன்னால், அங்குள்ள பதிவுச் சபைக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

போன வருடம் வந்த பிள்ளை ஒருத்திக்குத் தராசைக் கொடுத்து அனுப்பினேன். அம்மம்மாவைப் பதிந்தாள். அம்மம்மா தேத்தண்ணிக்குச் சீனி போடுவதேயில்லை என்று முதல் இரண்டு நாளும் எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் இரவு அழைத்தாள். "அக்கா, சீனி போடுவதில்லைதான். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறா. ஒரு துண்டு 12 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி." இப்போது மாக்கந்துரவில் முதல் வருடம் படிக்கிறாள். தராசு இன்னும் திரும்பி வரவில்லை.