அருட்சாதனம் வாங்கப் போறீங்களா? முதல்ல ஞானஸ்நான ரிஜிஸ்டரைத் தேடுங்க

கத்தோலிக்கத் திருச்சபைல அருட்சாதனம் (ஞானஸ்நானம், கல்யாணம் மாதிரி புனிதச் சடங்குகள்) ஏழுனு மறைக்கல்வி க்ளாஸ்ல எல்லாரும் மனப்பாடம் பண்ணிருப்போம், ஆனா யாரைப் பாக்கணும், எவ்ளோ முன்னாடி போகணும், என்ன பேப்பர் கேப்பாங்கனு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால தேதி குறிச்ச பிறகு தலைதெறிக்க ஓடுறதுதான் நடக்குது. குருத்துவம், அதாவது ஃபாதர் ஆகுறது, தனிப் பாதை, அதுக்கு செமினரில வருஷக்கணக்கா படிக்கணும், அதை இங்க தொடல. மிச்ச ஆறையும் பாத்துருவோம்.

ஸ்டெப் 1: உங்க பேரு எந்தப் புத்தகத்துல இருக்கு?

உங்களுக்கு எந்தக் கோவில்ல ஞானஸ்நானம் குடுத்தாங்களோ அந்தப் பங்கு (ஒரு ஃபாதர் பொறுப்புல இருக்குற கோவில் வட்டாரம்) ரிஜிஸ்டர்லதான் உங்க பதிவு ஆயுசுக்கும் இருக்கும், நீங்க எத்தனை ஊரு மாறினாலும் சரி. உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானத்துல வாங்கின விசுவாசத்தை எண்ணெய் பூசி உறுதிப்படுத்துறது), கல்யாணம், குருப்பட்டம் எல்லாமே அதே வரிக்குப் பக்கத்துல குறிச்சு வைக்கணும்னு திருச்சபைச் சட்டம் 535 சொல்லுது. அதனாலதான் கல்யாணத்துக்குப் போறப்ப பீரோல இருக்குற பழைய லேமினேட் காப்பிய நீட்டினா பெரும்பாலும் எடுத்துக்க மாட்டாங்க, கடைசி ஆறு மாசத்துக்குள்ள எடுத்த புது சர்டிபிகேட் கேப்பாங்க. இவரு ஏற்கனவே கல்யாணம் ஆனவரா இல்லையானு அந்த ஓரக் குறிப்பைப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும்.

புது சர்டிபிகேட் கேட்டு எழுதுறப்ப ஞானஸ்நானப் பேரு, பிறந்த தேதி, அப்பா அம்மா பேரு, தெரிஞ்சா ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்துல உங்களுக்காகப் பொறுப்பேத்து நின்னவங்க) பேரும் சேர்த்துக் குடுங்க. வீட்டுல கூப்பிடுற பேரை மட்டும் சொன்னா அவங்க பாவம் பக்கம் பக்கமா புரட்டணும்.

ஸ்டெப் 2: ஞானஸ்நானம்

குழந்தை பிறந்த முதல் சில வாரத்துக்குள்ள குடுக்கணும்னுதான் சட்டம் 867 சொல்லுது, பிறக்குறதுக்கு முன்னாடியே ஃபாதர்கிட்ட பேசி வைக்கலாம். சொந்தக்காரங்க எல்லாரும் லீவுக்கு வரட்டும்னு வருஷக்கணக்கா தள்ளிப்போடுறது எனக்கு உடன்பாடில்ல. பெத்தவங்கள்ல ஒருத்தராவது சம்மதிக்கணும், குழந்தைய விசுவாசத்துல வளர்ப்பாங்கனு நம்பிக்கையும் இருக்கணும், அதுக்குத்தான் பெத்தவங்களுக்கும் ஞானப்பெற்றோருக்கும் ஒரு க்ளாஸ் வைக்கிறாங்க.

ஞானப்பெற்றோர் விஷயத்துலதான் நிறையப் பேரு மாட்டிக்குவாங்க. ஒரு ஆணோ, ஒரு பெண்ணோ, இல்ல ரெண்டு பேருமோ இருக்கலாம், ஆனா ரெண்டு ஆணோ ரெண்டு பெண்ணோ கிடையாது. 16 வயசு முடிஞ்சிருக்கணும், கத்தோலிக்கரா இருக்கணும், புதுநன்மையும் (முதல் தடவை நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் உடலா மாறின அப்பம் வாங்குறது) உறுதிப்பூசுதலும் வாங்கி விசுவாசத்துக்கு ஏத்த மாதிரி வாழுறவங்களா இருக்கணும், குழந்தையோட அப்பா அம்மாவா இருக்கக் கூடாது. வேற சபைல ஞானஸ்நானம் வாங்கின ஃப்ரெண்டு நிக்கணும்னு ஆசைப்பட்டா ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோர் கூட சாட்சியா நிக்கலாம்.

குழந்தை உயிருக்கு ஆபத்துன்னா யாரு வேணா குடுக்கலாம். தலைல தண்ணி ஊத்திக்கிட்டே பேரு சொல்லி "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்"னு சொல்லணும், அவ்ளோதான். அப்புறம் பங்குல சொல்லி பதிவு பண்ணிருங்க, திரும்ப ஞானஸ்நானம் குடுக்க மாட்டாங்க.

பெரியவங்களா இருந்து இப்பத்தான் வர்றீங்கன்னா அவசரம் வேண்டாம், பயிற்சி மாசக்கணக்குல போகும், வழக்கமா பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி) பூசைல ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை மூணும் ஒண்ணா கிடைச்சிரும்.

ஸ்டெப் 3: பாவசங்கீர்த்தனம், அப்புறம் புதுநன்மை

விவரம் தெரியுற வயசு, அதாவது ஏழு வயசு வாக்குலயே பிள்ளைங்க நன்மை வாங்கலாம்னு 1910ல பத்தாம் பயஸ் பாப்பரசர் வழி திறந்து விட்டாரு. ஆனா முதல்ல பாவசங்கீர்த்தனம், அதாவது ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குறது, அப்புறம்தான் நன்மை. இது பிள்ளைங்களுக்கு மட்டும் இல்ல, சாவான பாவம் (தெரிஞ்சே மனசாரச் செஞ்ச பெரிய பாவம்) இருக்குனு தெரிஞ்ச யாருக்கும் அதே வரிசைதான்.

ரொம்ப வருஷம் கழிச்சு போறவங்களுக்கு: முந்தின நாளே கொஞ்ச நேரம் உக்காந்து யோசிங்க. உள்ள போனதும் சிலுவை போட்டு, கடைசியா எப்ப செஞ்சீங்கனு சொல்லுங்க, தோராயமா சொன்னாப் போதும். சாவான பாவத்தை என்ன, எத்தனை தடவைனு சொல்லணும், கதை வேண்டாம், மாமியார் செஞ்சதும் வேண்டாம். ஃபாதர் சொல்ற அபராதத்தை (பாவப் பரிகாரமா செய்யச் சொல்றது, காசு இல்ல) கேட்டுக்கிட்டு மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்கு வருத்தப்படுற ஜெபம்) சொல்லுங்க, மறந்து போச்சுன்னா "மறந்துட்டேன் ஃபாதர்"னு சொன்னா அவரே எடுத்துக் குடுப்பாரு. அப்புறம் பாவமன்னிப்பு. கேட்டதை அவரு எந்தக் காரணத்துக்காகவும் யார்கிட்டயும் வெளிய சொல்ல முடியாது.

நன்மை வாங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை நிறுத்திருங்க, தண்ணியும் மருந்தும் பரவாயில்ல. நாக்குல வாங்கலாம், கைல வாங்க அனுமதி இருக்குற இடத்துல கைலயும் வாங்கலாம். கைலன்னா இடது கைய மேல விரிச்சு வலது கைய அடில தாங்கிப் பிடிங்க, "கிறிஸ்துவின் உடல்"னு சொன்னதும் "ஆமென்" சொல்லி வாங்கி, அங்கயே வலது கையால எடுத்து உட்கொள்ளணும், கைல வச்சுக்கிட்டே பெஞ்சுக்கு நடக்கக் கூடாது. உள்ளங்கைல துகள் ஏதும் ஒட்டியிருக்கானு ஒரு பார்வை பாத்துருங்க.

ஸ்டெப் 4: உறுதிப்பூசுதல்

வழக்கமா ஆயர்தான் (பிஷப்) குடுப்பாரு, அதனால தேதி அவரு வசதிப்படி. ஞானஸ்நான சர்டிபிகேட் குடுங்க, க்ளாஸ்க்கு ஒழுங்கா போங்க, ஞானப்பெற்றோர் ஒருத்தரைச் சொல்லுங்க, ஞானஸ்நானத்துல நின்னவரே திரும்ப நிக்கிறது நல்லது. வேற பங்குல வாங்கினா, ஞானஸ்நானம் வாங்கின பங்குக்கு தகவல் போச்சானு ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுருங்க.

ஸ்டெப் 5: கல்யாணம்

மண்டபம் புக் பண்றதுக்கு முன்னாடி பங்குத்தந்தைய பாருங்க. தயவுசெஞ்சு இந்த வரிசைய மாத்தாதீங்க. ஆறு மாசமாவது முன்னாடி போனா நிம்மதி, ஏன்னா புது சர்டிபிகேட், கல்யாணத் தயாரிப்பு க்ளாஸ், ரெண்டு பேரையும் தனித்தனியா வச்சு ஃபாதர் கேக்குற விசாரணை, கோவில்ல ஓலை வாசிக்கிறது (கல்யாணத்தை முன்னாடியே எல்லாருக்கும் அறிவிக்கிறது) எல்லாத்துக்கும் நேரம் வேணும். இன்னொருத்தர் வேற சபைன்னா ஆயரோட அனுமதி வேணும், ஞானஸ்நானமே வாங்காதவருன்னா விதிவிலக்கு வாங்கணும், அந்த விதிவிலக்கு இல்லாம நடந்தா கல்யாணம் செல்லாது. ரெண்டு சாட்சியும் கட்டாயம்.

ஸ்டெப் 6: நோயில் பூசுதல்

இதுக்கு சர்டிபிகேட்டும் இல்ல, க்ளாஸும் இல்ல. ஃபாதர் வந்தாலே கடைசின்னு பெரியவங்க பயப்படுறாங்க, ஆனா கடுமையான நோய், பெரிய ஆபரேஷன், வயசான தளர்ச்சி இதுக்கெல்லாம் வாங்கலாம், நோய் முத்திச்சுன்னா திரும்பவும் வாங்கலாம். பாவசங்கீர்த்தனமும் செய்யணும்ல, அதனால நினைவு தப்புறதுக்கு முன்னாடியே கூப்பிடுங்க. கட்டில் பக்கத்துல ஒரு சின்ன மேஜை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு உருவம் இருக்குற சிலுவை), மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணி வச்சிருங்க. நோயாளியால முழுங்க முடியுமானு ஃபாதர்கிட்ட போன்லயே சொல்லிட்டா நற்கருணைய சின்னத் துண்டா குடுக்குறதானு அவரு பாத்துக்குவாரு.