பனியன் துணியில் தையல் விட்டுப்போகிறதா? ஊசியைப் பாருங்கள்

மகனுடைய டி-ஷர்ட்டில் பக்கத் தையல் பிரிந்துவிட்டது. வீட்டு மெஷினில் ஓட்டினால் நாலு தையல் விழும், ரெண்டு விட்டுப்போகும். நூலின் இறுக்கத்தை (டென்ஷன்) கூட்டிக் குறைத்தேன், நூலை மாற்றினேன், அடிநூல் கண்டு இருக்கும் பாபின் கேஸைத் துடைத்து எண்ணெய் விட்டேன். பலன் இல்லை. ஆனால் அதே மெஷின் பருத்திப் புடவை ஓரத்தை ஒழுங்காக அடித்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தையலை ஒட்டிப் பொடிப்பொடியாக ஓட்டைகள். கூர் ஊசி பின்னல் இழையை அறுத்திருக்கிறது. துவைத்து இழுபட்ட பிறகுதான் இவை பெரிதாகும் என்பதால் தைக்கும்போது கண்ணில் படாது.

முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி, 75/11 அளவு, போட்டேன். அது இழையைக் குத்தாமல் ஒதுக்கிக்கொண்டு இறங்கும். பாலியஸ்டர் நூல், குறுகலான ஜிக்ஜாக். அப்பாடா, ஒரு தையல்கூட விடவில்லை! ஓரம் மட்டும் அலையாக நெளிந்தது. அப்புறம் துணியைக் கையால் இழுக்காமல், அடியில் டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துக் கிழித்தெடுத்தேன். சரியாகிவிட்டது.