கல்யாணப் படங்கள் நன்றாக வர: மணமக்களும் போட்டோகிராபரும் சேர்ந்து செய்ய வேண்டியவை

கல்யாண ஆல்பம் கைக்கு வந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “பெரியத்தை எங்கே?” என்பதுதான். பந்தக்கால் நட்ட நாளிலிருந்து கூடவே இருந்து, சீர்வரிசைத் தட்டு அடுக்கி, பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டவர் அவர். ஆனால் ஆல்பத்தில் ஒரு படம்கூட இருக்காது. ஆயிரம் பேர் வந்துபோகும் மண்டபத்தில் எந்த முகம் உங்களுக்கு முக்கியம் என்று கேமரா பிடித்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தான் தெரியும்.

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். நல்ல படங்களில் பாதி, கல்யாணத்துக்கு முன்பே மணமக்களும் போட்டோகிராபரும் உட்கார்ந்து பேசும்போது உருவாகிவிடுகின்றன என்பதை ஒவ்வொரு முகூர்த்தத்திலும் பார்க்கிறேன். என்ன பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். கல்யாணம் நிச்சயமானவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஆங்காங்கே சில வரிகள் உண்டு.

படி 1: ஒரு முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்கள்

இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருப்பவை பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கி எடுத்த படங்கள். அதை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். “ஒரே கல்யாணத்தோட எல்லாப் படத்தையும் காட்டுங்க” என்று கேளுங்கள். அதுவும் உங்களுடையதைப் போன்ற மண்டபத்தில், அதே நேரத்தில் நடந்த கல்யாணமாக இருந்தால் நல்லது. அதில் தாலி கட்டும் நொடி, பந்தி, மேடையில் கூட்டமாக நிற்கும் குடும்பப் படம் ஆகிய மூன்றையும் பாருங்கள். இவை சரியாக இருந்தால் மற்றவையும் சரியாகத்தான் இருக்கும்.

முகத்தின் நிறத்தையும் கவனியுங்கள். மாநிறப் பெண்ணைச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்க வைக்கும் பழக்கம் நம் ஸ்டுடியோக்களில் இன்னும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளை அந்தப் படத்தைப் பார்க்கும்போது அதில் அவனுடைய அம்மா இருக்க வேண்டும். “எங்க நிறத்தை மாத்தாதீங்க” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: “அன்னிக்கு நீங்களே வருவீங்களா?” ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். மீதி மாதங்களின் நல்ல முகூர்த்தங்களில் ஊரே கல்யாணம் வைக்கும். அப்படிப்பட்ட நாளில் ஒரு ஸ்டுடியோ இரண்டு மூன்று கல்யாணங்களை ஒப்புக்கொண்டு, ஆட்களைப் பிரித்து அனுப்புவது சகஜம். அதில் தவறில்லை. வரப்போகிறவர் எடுத்த படங்களைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: பேசியதை எழுதிக்கொள்ளுங்கள்

எத்தனை பேர் வருகிறார்கள், எந்த நிகழ்ச்சியிலிருந்து எதுவரை, டிரெடிஷனல் எத்தனை கேமரா, கேண்டிட் எத்தனை, திருத்திய படங்கள் எத்தனை, ஆல்பம் எத்தனை ஷீட், எந்தத் தேதிக்குள், தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும்: இவ்வளவும் ஒரு தாளில் இருக்கட்டும். பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். வரிசையாக நிற்கவைத்து, சடங்குகளை ஒன்றுவிடாமல் எடுப்பது டிரெடிஷனல். யாரையும் நிறுத்தாமல் நடப்பதை நடக்கும்போதே எடுப்பது கேண்டிட். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால், இரண்டும் ஓரளவு தெரிந்த டிரெடிஷனல்காரரையே நான் சொல்வேன். சடங்கு விட்டுப்போனால் திரும்ப வராது.

படங்கள் யாருக்குச் சொந்தம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அவரே, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை. பல ஸ்டுடியோ படிவங்களில் அந்த ‘வேறுவிதமான’ வரி பொடி எழுத்தில் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போட்டோகிராபர் தன் பக்கத்தில் படங்களைப் போட விரும்பினால் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று இருவரும் பேசி முடிவு செய்யலாம். நலங்கு, மேக்கப் அறை, குழந்தைகள் இவற்றையெல்லாம் வெளியிட வேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை.

படி 3: ஆட்களின் பட்டியல்

இந்தப் படிக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள் என்று கெஞ்சியே கேட்பேன்.

இரண்டு வீட்டாரும் தனித்தனியாக உட்கார்ந்து, கட்டாயம் படத்தில் இருக்க வேண்டியவர்களை எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் உறவு, அதற்குப் பக்கத்தில் ஒரு வரி. “தாய்மாமன், மாலை போடுவார்.” “சின்ன ஆயா, முழங்கால் வலி, மேடை ஏற முடியாது.” “அப்பாவின் நண்பர், படிக்க வைத்தவர்.” அந்த ஒரு வரிதான் போட்டோகிராபருக்கு வேண்டும். ஆயா மேடை ஏற மாட்டார் என்று தெரிந்தால், மணமக்கள் கீழே இறங்கி அவரிடம் ஆசி வாங்கும்போது நான் அங்கே இருப்பேன். படிக்க வைத்தவர் யார் என்று தெரிந்தால், தாலி ஏறும்போது அவர் முகத்தின் மேல் ஒரு கண் வைத்திருப்பேன்.

சொல்லக் கூச்சப்படும் விஷயங்களையும் சொல்லிவிடுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவும் மாமாவும் இருந்தால், “ரெண்டு பேரும் பக்கத்துல வாங்க” என்று நான் மேடையில் கூப்பிட்டுத் தர்மசங்கடம் ஆக்காமல் இருப்பேன். அப்பா இல்லாத பெண் என்றால், தாரை வார்ப்பது யார், அப்பாவின் படம் எங்கே வைக்கப்படும் என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரிய வேண்டும்.

அப்புறம், வீட்டுக்கு ஒருவரை எங்களுக்குத் துணையாக விடுங்கள். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த, குரல் கொஞ்சம் பெரிதாக உள்ள அத்தை மகனோ சித்தி மகளோ போதும். மணமகளின் சொந்தத் தம்பி வேண்டாம், அவருக்கு அன்று நூறு வேலை இருக்கும்.

படி 4: நேரத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

முகூர்த்தம் ‘6 முதல் 7.30’ என்று பத்திரிகையில் ஒரே மாதிரி அச்சாகும். ஆனால் தை மாதம் சென்னையில் சூரியன் உதிக்கவே ஏறத்தாழ 6.35 ஆகிவிடும். வைகாசியில் 5.45க்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். 4.30 முகூர்த்தம் என்றால் எந்த மாதமானாலும் விளக்கு வெளிச்சம்தான். எனவே முகூர்த்த நேரத்தைச் சொல்லும்போது மண்டபத்தின் பெயரையும் சொல்லுங்கள். மணவறை எந்தத் திசை பார்க்கிறது, ஜன்னல் எங்கே என்று போட்டோகிராபர் முதல் நாளே போய்ப் பார்த்துவிடட்டும்.

மேடை அலங்காரக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சடங்கு முடியும்வரை கலர் லைட் வேண்டாம். பிங்க், நீல எல்இடி விளக்குகள் நேரில் அழகாகத் தெரியும். படத்தில் மணப்பெண்ணின் ஒரு கன்னம் பிங்காக, மறு கன்னம் நீலமாக இருக்கும். அதைக் கணினியில் முழுசாகச் சரிசெய்ய முடியாது. ரிசப்ஷனுக்கு எந்தக் கலர் வேண்டுமானாலும் போடட்டும். பின்னணித் துணியின் நிறத்தையும் கூறைப்புடவையின் நிறத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அரக்குப் புடவைக்குப் பின்னால் சிவப்புத் துணி தொங்கினால் பெண் அதிலேயே கரைந்துபோவாள்.

புதிய போட்டோகிராபர்களுக்கு ஒரு குறிப்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். டியூப் லைட், மலிவான எல்இடி இருக்கும் இடங்களில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது பெரும்பாலும் குறையும். கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வையுங்கள்.

மேக்கப்தான் நேரத்தை அதிகம் தின்னும். அலங்காரம் முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். மேக்கப் கலைஞரும் போட்டோகிராபரும் முன்பே போனில் பேசிக்கொள்ளட்டும். பெண் தயாரானதும் மணவறைக்கு அழைக்கும் முன், அம்மாவோடும் அப்பாவோடும் தனியாக அரைமணி நேரம் கொடுங்கள். நான் எடுத்த படங்களில் திரும்பத் திரும்ப எல்லாரும் பிரிண்ட் கேட்பது அந்த அரைமணி நேரப் படங்களைத்தான்.

படக்குழுவின் சாப்பாட்டையும் யோசியுங்கள். ரிசப்ஷன் கூட்டம் வருவதற்கு முன் அவர்களை உட்காரவைத்துவிடுங்கள். பூட்டு உள்ள, பிளக் பாயின்ட் உள்ள ஓர் அறையும் கொடுங்கள். இரவு பதினொரு மணிக்குப் பையைக் கட்டி, மூன்று மணிக்கு மறுபடி கேமராவைத் தூக்குகிற ஆட்கள் அவர்கள்.

படி 5: முன்கூட்டி ஒரு நாள் பழகிக்கொள்ளுங்கள்

பிரீ வெட்டிங் ஷூட் அவசியமா என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாடு போய், கார் மேல் ஏறி நின்று எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் மணமக்களும் போட்டோகிராபரும் சேர்ந்து நடந்தால் மணமக்களுக்குக் கேமராக் கூச்சம் போகும், போட்டோகிராபருக்கும் அவர்கள் சிரிப்பு பழகும். உங்கள் ஊர் ஆற்றங்கரை, நீங்கள் படித்த கல்லூரி, பாட்டி வீட்டுத் திண்ணை எதுவும் போதும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்குங்கள். சென்னையில் கார்த்திகையில் 5.40க்கே இருட்டத் தொடங்கும், ஆனியில் 6.35 வரை வெயில் இருக்கும்.

மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களுக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கும் முன்பே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். கோயில் கல்யாணம் என்றால் இன்னும் கவனம். தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கேமரா எதுவரை போகலாம் என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

படி 6: தாலி கட்டும் நொடி

கெட்டிமேளம் முழங்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். அட்சதை பறக்கும். முன்வரிசையில் இருபது செல்போன் உயரும். அந்தக் கலவரத்துக்குள் மாப்பிள்ளையின் விரல் முடிச்சுப் போட்டு முடித்திருக்கும். அவ்வளவு சின்ன நேரம்.

அதனால் முதல் நாளே மூன்று பேரிடம் பேச வேண்டும். முதலில் புரோகிதரிடம். “சாமி, தாலி கட்டறப்ப நீங்க கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி நின்னா முகம் தெரியும்” என்று பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மேளக்காரருக்குக் கைகாட்டும் முன் ஒரு பார்வை எங்கள் பக்கமும் பார்க்கச் சொல்லலாம். இரண்டாவது, படி 3இல் சொன்னபடி எங்களுக்குத் துணையாக விட்டவரிடம்: மணவறைக்கு நேர் எதிரே நாலடி இடத்தில் யாரும் ஏறி நிற்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. மூன்றாவது, வீடியோக்காரரிடம்: யார் எந்தப் பக்கம் நிற்பது, விளக்கு எங்கே வைப்பது என்று பேசாவிட்டால் இருவரும் ஒருவர் படத்தில் ஒருவர் விழுவார்கள்.

மாப்பிள்ளைக்கு ஒரு சொல்: அவசரப்படாதீர்கள். தாலியை இரண்டு கையிலும் ஏந்தி, பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனியுங்கள். பல வீடுகளில் முதல் முடிச்சு மாப்பிள்ளையும் மற்ற இரண்டும் நாத்தனாரும் போடுவார்கள். நாத்தனார் பின்னால் எங்கே நிற்பார் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். உட்கார்ந்தபடி கட்டுவதா, நின்று கட்டுவதா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், அதையும் எங்களிடம் சொல்லுங்கள்.

போட்டோகிராபர்களே, படம் சரியாக வரவில்லை என்று “மறுபடி கையை வைங்க” என்று கேட்காதீர்கள். அது சடங்கு. ஒருவர் நேர் எதிரே, இன்னொருவர் பக்கவாட்டில் பெற்றோரின் முகத்தைப் பார்த்து என நின்றால், ஒரு கோணம் மறைந்தாலும் மற்றது காப்பாற்றும். அம்மி மிதிக்கும்போதும் மெட்டி போடும்போதும் தரையோடு உட்கார்ந்து எடுங்கள்.

தேவாலயத்தில் நடக்கும் கல்யாணம் என்றால் ஃபிளாஷ் போடலாமா, பீடத்துக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்று குருவானவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிக்காஹ் என்றால் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர் வேண்டுமா என்று முன்பே சொல்லுங்கள்.

படி 7: ரிசப்ஷன்

இதில் சொல்ல அதிகம் இல்லை. நெருங்கிய குடும்பப் படங்களை விருந்தினர் வரிசை தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். வரிசை தொடங்கிவிட்டால் இரண்டு மணி நேரம் மேடையை விட்டு நகர முடியாது. டிரோன் பறக்கவிட ஆசை என்றால், 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள்படி அந்த இடம் அனுமதிக்கப்பட்ட பகுதியா என்று பார்க்கச் சொல்லுங்கள். மீனம்பாக்கம் பக்கத்து மண்டபங்களில் இது மிக முக்கியம்.

படி 8: கல்யாணம் முடிந்த பிறகு

அன்றே எல்லாப் படங்களுக்கும் மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை வேறு இடத்தில் வைப்பது போட்டோகிராபரின் வேலை. எடுத்தாகிவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஆல்பம் தாமதமாவதற்குப் பல வீடுகளில் காரணம், செலக்‌ஷன் முடியாததுதான். இரண்டாயிரம் படங்களை மாமனார், மாமியார், அக்கா, அண்ணி என எல்லாருக்கும் அனுப்பினால் ஒரு வருஷமானாலும் முடியாது. மணமக்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முதல் பட்டியலைப் போட்டுவிடுங்கள். பிறகு படி 3இல் எழுதிய பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு படமாவது இருக்கிறதா என்று டிக் செய்யுங்கள். 12க்கு 36 அங்குல ஷீட்டில் படங்களைத் திணிக்க வேண்டாம், ஒரு பக்கத்துக்கு நாலைந்து போதும். அச்சுக்குப் போகும் முன் டிசைனை வாங்கி, பெயர்களின் எழுத்து, தேதி, ஊர் மூன்றையும் வீட்டில் இருவர் சரிபார்க்கட்டும். ஆல்பம் வந்ததும் அதைச் சுவரின் ஈரம் ஏறாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து, விசிறிக் காற்றில் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்தால் பூஞ்சை பிடிக்காது.