'ஈசி கிளியர்' என்றால் என்ன அர்த்தம்?

"ஈசி கிளியரா இருக்கு சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." தமிழ்நாட்டில் மனை பார்க்கப் போனவர்கள் தரகர் வாயிலிருந்து இதைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. ஈசி என்கிற வில்லங்கச் சான்று நிஜமாகவே சுத்தமாக இருக்கலாம். ஆனால் அந்தச் சான்று சொல்வது கொஞ்சம்தான்: நீங்கள் கேட்ட சர்வே எண்ணில், நீங்கள் கேட்ட வருடங்களுக்குள், சார்பதிவாளர் அலுவலகத்தில் என்னென்ன பத்திரங்கள் பதிவாகின. பதியாத உயில் அதில் வராது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமே இல்லை. நிலம் கோயிலுக்குச் சொந்தம் என்ற விவரம், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், இதெல்லாமும் பெரும்பாலும் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கும் பெரும்பாலும் வராது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கினால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி தீர்ப்பு உங்களையும் கட்டும். "எனக்குத் தெரியாதே" என்பது அங்கே எடுபடாது. இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

அடுத்த தவறு, ஈசி போடும் விதத்திலேயே இருக்கிறது. மனையின் சர்வே எண் இப்போது 124/2பி என்று வைத்துக்கொள்வோம். 124/2பி என்று மட்டும் தேடினால் உட்பிரிவு ஆன பிறகு நடந்தவைதான் கிடைக்கும். அதற்கு முன் மொத்த நிலமும் 124/2 என்றே பதிவாகியிருக்கும். அடமானம் ஏதாவது இருந்தால் அது அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் தாய் எண்ணையும் சேர்த்துத் தேட வேண்டும். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் நில அளவைக்கு முந்தைய பழைய எண் வேறாக இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்ததா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, முப்பது வருடத்துக்கு ஈசி போட்டாயிற்று, 'இல்லை' என்று வந்துவிட்டது. எல்லோரும் நிம்மதியாகும் இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வரும். முப்பது வருடமாக ஒரு பத்திரமும் இல்லை என்றால், நடுவில் ஒரு தலைமுறையே காகிதம் எழுதாமல் கடந்து போயிருக்கலாம். ஒரு உதாரணம். தாத்தா 1962-ல் தன் பணத்தில் வாங்குகிறார். 1984-ல் உயில் எழுதாமல் இறக்கிறார். 1991-ல் மூன்று மகன்கள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிகிறார்கள். 1995-லிருந்து ஈசி கேட்டால் இதில் எதுவுமே தெரியாது. பின்னோக்கிப் போய் அந்தப் பாகப்பிரிவினையின் நகலை வாங்கிப் படித்தால், தாத்தாவுக்கு இரண்டு மகள்களும் உண்டு, அவர்கள் கையெழுத்து எங்கேயும் இல்லை என்பது தெரிய வரும். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் சுயமாகச் சம்பாதித்து உயில் இல்லாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. "அத்தைங்களுக்குக் கல்யாணத்துலயே நகை போட்டாச்சு" என்பது குடும்பத்துக்குள் சரி, சட்டத்தில் செல்லாது. அந்த மகள்களிடம் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்கித் தரும்படி விற்பவரிடம் சொல்லுங்கள், இல்லை கிரயத்தில் அவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கி, பெயர்களை விரல் வைத்து எண்ணுங்கள்.

அப்புறம் பட்டா. பட்டா இவர் பெயரில் இருக்கிறது, ஆகவே நிலம் இவருடையது என்று நினைப்பவர்கள் ஏராளம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமையைக் கொடுத்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதற்காக அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அளவைச் சரிபார்க்க அதுதான் உதவும். பத்திரத்தில் 12 சென்ட் என்று இருக்கும், பட்டாவில் 4.50 ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட், பெருக்கினால் 11.1 சென்ட்தான் வருகிறது. குறையும் இடம் சுமார் 380 சதுர அடி, ஒரு நல்ல அறையும் வராந்தாவும் கட்டலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பவர் பத்திரத்தில் வாங்குகிறீர்களா? பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், அவர் இறந்த அன்றே பொதுவாக அந்த அதிகாரம் போய்விடும். முந்தைய விற்பனை எதிலாவது மைனரின் பங்கு இருந்தால், நீதிமன்ற அனுமதி வாங்கினார்களா என்று கேளுங்கள். அசல் தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்டால் "பீரோவில் தேடணும்" என்கிறார்களா? அது அடமானத்தில் இருக்கலாம்.

ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பஞ்சமி நிலம், பூமிதான நிலம், புறம்போக்கு என்றால் அதில் பெரும்பாலும் குறிப்பு இருக்கும். பட்டியல் சாதியினருக்கென்று நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மற்றவர்கள் வாங்கினால், எத்தனை கிரயப் பத்திரம் பதிவாகியிருந்தாலும் அது நிற்காது.

கடைசியாக, பழைய பத்திரத்தை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய் நான்கெல்லையை வாசியுங்கள். "வடக்கே ஓடை" என்று எழுதியிருந்து, வடக்கே ஓடையைக் காணோம் என்றால், நீங்கள் நிற்கும் இடத்திலேயே அது ஓடியிருக்கலாம். புல வரைபடத்தோடு ஒரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள்.