தலை எண்ணிச் செய்த ஆய்வு

போன வாரம் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் ஒரு மாணவர் தன் ஆய்வுத் திட்டத்தை நீட்டினார். மூன்றாம் பக்கத்தில் ஒரு பட்டை வரைபடம்: எந்த ஆண்டில் எத்தனை போலீஸாருக்குப் பயிற்சி. "எப்படி இருக்கு மேடம்?" என்றார். பட்டைகளின் நீலம்கூட என் பழைய படத்தின் நீலம்தான்.

போர் முடிந்த நாடுகள் காவல்துறையை எப்படிக் கட்டுகின்றன என்று ஆய்வு செய்ய வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளின் பட்டியல் இது. மேற்கோள் விடுபடுவது, கெடு தவறுவதற்கெல்லாம் கைடே திட்டுவார்.

தலை எண்ணுவது

என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் கிழக்குத் திமோர் பற்றியது. இந்தோனேசியாவிடமிருந்து பிரிவதா என்ற 1999 வாக்கெடுப்புக்குப் பின் நிர்வாகத்தையே கையிலெடுத்த ஐ.நா., புதிய போலீஸ் ஒன்றை உருவாக்கியது. 2002ல் விடுதலை. 2004ல் காவல் பொறுப்பு முழுக்க உள்ளூராரிடம் வந்தது. பயிற்சி முடித்தவர்களை வருடவாரியாகக் கூட்டி, 'வெற்றி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

2006 மே மாதம் தலைநகர் திலியில் ராணுவமும் போலீஸும் மோதிக்கொண்டன. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு ஐ.நா. துணையோடு நடந்துவந்த போலீஸாரையே சிப்பாய்கள் சுட்டார்கள். தலைநகரில் போலீஸ் என்ற அமைப்பே சிதறிப்போனது.

எரிச்சல் என்னவென்றால், காரணங்கள் என் நோட்டிலேயே இருந்தன. முன்பு இந்தோனேசியப் போலீஸில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டதால் இந்தோனேசியாவை எதிர்த்துப் போரிட்ட பழைய கெரில்லாக்களுக்கு வந்த கோபம். நாட்டின் கிழக்குப் பகுதிக்காரர், மேற்குப் பகுதிக்காரர் என்ற பிளவு. ஆளுக்கொரு நாட்டுப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர்கள். எதுவும் பட்டையில் ஏறாது என்று விட்டுவிட்டேன். ஸ்காலர்ஷிப் நின்றபின் இரண்டு வருடம் மயிலாப்பூரில் டியூஷன் எடுத்துக்கொண்டே அந்த ஒரு அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். யாரைச் சேர்த்தார்கள், அவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டார்கள் என்பதை முதலில் கேளுங்கள். எத்தனை பேர் என்பது பிறகு.

சட்டத்தைப் படித்துவிட்டு நடப்பு தெரியும் என நினைப்பது

இலங்கை அரசியலமைப்பின் 13வது திருத்தம் 1987லேயே வந்தது. மாகாணத்துக்குப் போலீஸ் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனவரிடம் கேட்டுப் பாருங்கள்.

எதற்கெடுத்தாலும் பெல்ஃபாஸ்ட்

பெல்ஃபாஸ்ட் தலைநகரான வட அயர்லாந்தில் 2001ல் பெயர் மாறி, கத்தோலிக்கரும் மற்றவரும் பாதிக்குப் பாதி என ஆளெடுத்து, ஒரு போலீஸ் மாறியது உண்மை. ஆனால் அங்கே சம்பளம் போட ஒரு அரசு ஏற்கெனவே இருந்தது.

போலீஸ் ஜீப்பில் களத்துக்குப் போவது

போகாதீர்கள்.

மொழியைத் தள்ளிப்போடுவது

இலங்கைப் போலீஸைப் படிக்கத் தேவைப்படும் சிங்களம் ஆறு மாதத்தில் வராது. எனக்கு இன்னும் வந்தபாடில்லை.