லாக்கர் சாவி யாரிடம்? பிளாக்செயின் பாலங்களில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் தெருத் தம்பி ஒருவன் முகம் வெளுத்துப்போய் வந்து கதவைத் தட்டினான். தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆட்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன், இரண்டு மாதக் கூலியை, ஒன்று ஒரு டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசி என்ற டிஜிட்டல் காயினாக வாங்கியிருந்தான். அது அவன் வாலட்டில் வந்து இறங்கியது ஆர்பிட்ரம் என்ற பிளாக்செயின் நெட்வொர்க்கில். ரூபாயாக மாற்றலாம் என்று அதை அப்படியே காயின்களை வாங்கி விற்கும் ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிவிட்டான், அந்த எக்ஸ்சேஞ்சோ எத்தீரியம் என்ற இன்னொரு நெட்வொர்க் வழியாக வருவதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். "அட்ரஸ் சரியாத்தாண்ணா போட்டேன், ரெண்டுமே 0எக்ஸ்னுதானே ஆரம்பிக்குது" என்றான்.

பிள்ளையார் கோயில் தெரு, 12ஆம் நம்பர் வீடு என்றால் அது ராயபுரத்திலும் இருக்கும், திருவொற்றியூரிலும் இருக்கும், ஊர் பெயரை விட்டுவிட்டு பார்சல் அனுப்பினால் எங்கே போய்ச் சேரும்? எத்தீரியம், ஆர்பிட்ரம், பாலிகான், பிஎன்பி செயின் எல்லாவற்றிலும் அட்ரஸ் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு பிளாக்செயினும், சுருக்கமாகச் சொன்னால் செயினும், தனிக் கணக்குப் புத்தகம். ஒன்றில் எழுதியது இன்னொன்றுக்குத் தானாகத் தெரியவே தெரியாது. நம் சொந்த வாலட்டுக்கே நெட்வொர்க் மாற்றி அனுப்பிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை, வாலட்டின் அதே ரகசியச் சாவியால் அந்தப் பக்கமும் திறந்துகொள்ளலாம். எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினால் சாவி அவர்களிடம், அவர்கள் மனசு வைத்தால்தான் உண்டு.

அந்த அட்ரஸில் இருப்பது சாதாரண வாலட் இல்லாமல், செயினுக்குள் ஓடும் ஒரு புரோகிராமான கான்ட்ராக்ட் வாலட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2022 ஜூனில் விண்டர்மியூட் என்ற பெரிய வர்த்தக நிறுவனத்துக்கே இது நடந்தது. ஆப்டிமிசம் என்ற செயினின் அமைப்பு அவர்களுக்குத் தன் ஓபி டோக்கன் 2 கோடி அனுப்பியது. அவர்கள் கொடுத்திருந்த அட்ரஸ், எத்தீரியத்தில் அவர்கள் வைத்திருந்த, பலர் கையெழுத்துப் போட்டால் திறக்கும் கான்ட்ராக்ட் வாலட்டுடையது. ஆப்டிமிசத்தில் அந்த அட்ரஸில் வாலட்டே இன்னும் உருவாகவில்லை. அவர்கள் போய் உருவாக்குவதற்குள் வேறொருவர் முந்திக்கொண்டு அங்கே வாலட்டை உருவாக்கி டோக்கன்களைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். பெரும்பகுதியைப் பிற்பாடு அவரே திருப்பிக் கொடுத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

சரி, செயின்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது என்றால், ஒரு செயினில் உள்ள பணத்தை இன்னொரு செயினில் பயன்படுத்த உதவும் பாலம் எப்படி வேலை செய்கிறது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், மற்ற பல தவறுகளும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. பணம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்து போவதாக நினைக்கிறோம். பழைய வகைப் பாலங்களில் அப்படி எதுவும் போவதில்லை. அடகுக் கடையில் வளையலை வைத்தால் வளையல் லாக்கருக்குப் போகும், உங்கள் கைக்கு ஒரு சீட்டு வரும், அது மாதிரிதான். எத்தீரியத்தில் அதன் காயினான உங்கள் ஈதரைப் பூட்டி வைக்கிறார்கள், சொலானா என்ற வேறு செயினில் அதற்கு ஈடாக ஒரு டோக்கனை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். லாக்கரில் வளையல் இருக்கும்வரைதான் சீட்டுக்கு மதிப்பு. எனவே பாலத்தில் கால் வைக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி கட்டணம் எவ்வளவு, எத்தனை நிமிடம் என்பதல்ல, லாக்கர் சாவி யாரிடம் என்பதுதான். இதைக் கேட்காமல் பணத்தைப் போடுவதைத்தான் நான் முதல் தவறு என்பேன்.

ரோனின் பாலத்தில் 2022 தொடக்கத்தில், பணம் வெளியே போகக் கையெழுத்துப் போடும் சரிபார்ப்பாளர்கள் மொத்தம் 9 பேர், 5 கையெழுத்து சேர்ந்தால் லாக்கர் திறக்கும் என்று இருந்தது. ஒன்பது பேர் என்று கேட்கும்போது பத்திரமாகத்தான் தெரியும். ஆனால் அதில் 4 சாவி ஒரே நிறுவனத்திடம் இருந்தது. ஐந்தாவது கையெழுத்தைத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ள 2021 நவம்பரில் அதே நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது, தேவை முடிந்த பிறகும் அதை யாரும் ரத்து செய்யவில்லை. 2022 மார்ச்சில் அந்த ஒரு நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் 1,73,600 ஈதரையும் 2.55 கோடி யுஎஸ்டிசி-யையும் எடுத்துக்கொண்டு போனார்கள், 60 கோடி டாலருக்கும் மேல். ஆறு நாள் கழித்து ஒரு பயனர் தன் பணத்தை எடுக்க வந்து, அது வராமல் போனபோதுதான் விஷயமே வெளியே தெரிந்தது. ஹார்மனி பாலத்தில் 5 சாவியில் 2 போதும் என்று வைத்திருந்தார்கள், 2022 ஜூனில் சுமார் 10 கோடி டாலர் போனது. மல்டிசெயின் கதை எனக்கு இவை எல்லாவற்றையும்விட வேதனை தருவது. பரவலாக நம்பப்பட்ட பாலம் அது. 2023இல் அதன் தலைவரை சீனப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் சாவிகள் எல்லாம் அவர் ஒருவர் கையில் இருந்தது வெளியே வந்தது. அந்த ஜூலையில் 12 கோடி டாலருக்கு மேல் லாக்கரிலிருந்து வெளியேற, ஃபான்டம் செயினில் அந்தப் பாலத்தின் சீட்டுகளை வைத்திருந்த சாதாரண ஆட்கள், தாங்கள் எந்தத் தப்பும் செய்யாமலே நஷ்டப்பட்டார்கள்.

சாவி பத்திரமாக இருந்தாலும் சீட்டுப் புத்தகத்தில் ஓட்டை இருக்கலாம். 2022 பிப்ரவரியில் வார்ம்ஹோல் பாலத்தின் சொலானா பக்கத்துப் புரோகிராமில், கையெழுத்து சரிபார்க்கும் இடத்தில் ஒரு பிழை இருந்தது. அதை வைத்து ஒருவர் இந்தப் பக்கம் எதுவுமே பூட்டாமல் 1,20,000 ஈதருக்கான சீட்டை அந்தப் பக்கம் அச்சடித்துவிட்டார். அந்தப் பாலத்துக்குப் பின்னணியில் இருந்த முதலீட்டு நிறுவனம் அத்தனை ஈதரையும் தன் கையிலிருந்து போட்டு நிரப்பியதால் மற்றவர்கள் தப்பித்தார்கள்.

எல்லாப் பாலமும் ஒரே ரகம் என்று நினைத்து மொத்தமாக ஒதுக்குவதும் தப்புதான். காஸ்மாஸ் குடும்பத்துச் செயின்கள் ஐபிசி என்ற முறையில் பேசிக்கொள்கின்றன. அங்கே ஒவ்வொரு செயினும் எதிர்ச் செயினின் பிளாக் தலைப்புகளை, அதாவது ஒவ்வொரு கட்டுப் பரிவர்த்தனையின் சுருக்கக் குறிப்பை, தானே வைத்துக்கொண்டு, வரும் செய்தியைத் தானே கணக்குப் போட்டுச் சரிபார்க்கிறது. நடுவில் செய்தி கொண்டுபோகிற ரிலேயர் வெறும் தபால்காரர், கடிதத்தைத் தாமதப்படுத்தலாமே தவிர உள்ளே உள்ளதை மாற்ற முடியாது. எத்தீரியத்தின் மேலேயே கட்டப்பட்ட ஆர்பிட்ரம், ஆப்டிமிசம் போன்ற செயின்களின் சொந்தப் பாலங்களும் எத்தீரியத்தின் பாதுகாப்பிலேயே நிற்கின்றன, ஆனால் அங்கிருந்து எத்தீரியத்துக்குத் திரும்பி வர சுமார் 7 நாள் ஆகும், மோசடி இருந்தால் ஆட்சேபம் சொல்ல வைத்திருக்கும் அவகாசம் அது. அந்த ஏழு நாளைப் பொறுக்காமல், ஐந்து நிமிடத்தில் தருகிறேன் என்று சொல்லும் ஏதோ ஒரு பாலத்தில் பெரிய தொகையைப் போடுகிறார்கள் பாருங்கள், அதைச் செய்யாதீர்கள். அவசரச் செலவுக்கு நூறு டாலர் என்றால் சரி. தங்கைக் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்துக்கு ஏழு நாள் காத்திருக்கலாம்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது இன்னொன்று. ஆர்பிட்ரத்தில் யுஎஸ்டிசி என்றும் யுஎஸ்டிசி.இ என்றும் இரண்டு உண்டு. முதலாவது சர்க்கிள் நிறுவனம் நேரடியாக அங்கே வெளியிடுவது, இரண்டாவது பாலம் வழியாக வந்த சீட்டு. ஒன்றை எதிர்பார்க்கும் இடத்துக்கு மற்றதை அனுப்பினால் கணக்கில் ஏறாமல் போகலாம். அந்த டோக்கனின் கான்ட்ராக்ட் அட்ரஸை ஒப்பிட்டுப் பாருங்கள், லோகோவை நம்பாதீர்கள். யுஎஸ்டிசி-யை மட்டும் நகர்த்த வேண்டும் என்றால் சர்க்கிள் 2023இல் கொண்டுவந்த சிசிடிபி முறை இருக்கிறது, இந்தப் பக்கம் எரித்துவிட்டு அந்தப் பக்கம் புதிதாகவே வெளியிடுவார்கள், லாக்கரே கிடையாது. என் வாக்கு அதற்குத்தான்.

அப்புறம் கேஸ் கட்டணம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அந்தந்தச் செயினின் சொந்தக் காயினில் கட்ட வேண்டியது. சொலானாவுக்குப் போய் இறங்கிவிட்டு அங்கே துளி சோல் இல்லாமல், டிரானுக்குப் போய் டிஆர்எக்ஸ் இல்லாமல், கண்ணெதிரே இருக்கும் பணத்தை நகர்த்த முடியாமல் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். போகிற ஊருக்கான சில்லறையை முன்னாலேயே அங்கே போட்டு வையுங்கள்.

உங்கள் வாலட்டிலிருந்து டோக்கனை எடுத்துக்கொள்ளப் பாலத்தின் தளம் "அப்ரூவ்" கேட்கும்போது வரம்பில்லாத அனுமதி கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். 2024 ஜனவரியில் சாக்கெட் என்ற பால இணைப்புச் சேவையில் ஒரு ஓட்டை வழியாக 33 லட்சம் டாலர் அளவுக்குப் போனது. பணம் இழந்தவர்கள் அன்றைக்கு எதையும் அனுப்பக்கூட இல்லை, எப்போதோ கொடுத்த அனுமதி திறந்தே கிடந்தது, அவ்வளவுதான். அனுப்பப்போகும் தொகைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், வேலை முடிந்ததும் எத்தீரியம் பரிவர்த்தனைகளைப் பார்க்கும் தளமான ஈதர்ஸ்கேன் மாதிரி இடத்தில் போய் ரத்து செய்யுங்கள்.

பணம் மாட்டிக்கொண்ட பதற்றத்தில் டெலிகிராமில் போய் உதவி கேட்பது எல்லாவற்றையும் விட ஆபத்து. கேட்ட ஐந்து நிமிடத்தில் 'சப்போர்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு யாராவது தனியாக வந்து பேசுவார்கள், வாலட்டையே திறந்துவிடும் 12 ரகசிய வார்த்தைகளைக் கேட்பார்கள். உண்மையான எந்தப் பாலமும் அதைக் கேட்காது. அன்றைக்கு ராத்திரி அந்தத் தம்பியின் போனிலும் அப்படி ஒரு ஆள் தயாராக இருந்தார். போனை வாங்கி முதலில் அந்த ஆளைத்தான் பிளாக் செய்தேன்.

பிறகு பரிவர்த்தனை எண்ணை எடுத்து பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் தளமான ஆர்பிட்ரத்தின் எக்ஸ்புளோரரில் தேடினோம். எக்ஸ்சேஞ்சின் அட்ரஸிலேயே பணம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்த எண்ணையும் நெட்வொர்க் பெயரையும் தெளிவாக எழுதி எக்ஸ்சேஞ்சுக்கு டிக்கெட் போட்டோம். இருபத்திமூன்று நாள் கழித்து, ஒரு கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த கூலி வந்த அன்று அவன் முதலில் பத்து டாலர் மட்டும் அனுப்பி, அது கணக்கில் ஏறும்வரை என் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம்தான் மீதியை அனுப்பினான்.