தம்பிக்கு ஓ-1 விசா கோப்பு கட்டிய அனுபவம்

சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு சின்ன போட்டோஸ்டேட் கடை. மைகார்ட் நகல், இபிஎப் பாரம், தோட்டத்துப் பாட்டிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. தம்பி செம்பனையை அடியில் அழுக வைத்துச் சாய்க்கும் கானோடெர்மா பூஞ்சையை ஆராய்கிறவன். அந்தப் பூஞ்சையின் பங்காளி ஒன்று புளோரிடாவில் பனை வகை மரங்களைக் கொல்கிறது. அங்கிருந்த ஓர் ஆய்வகம் அவனைக் கூப்பிட்டது. வக்கீல் அமெரிக்காவில், காகிதம் சேர்த்தது நான்.

முதலில் ஒன்று. ஓ-1 என்பது தன் துறையில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு அமெரிக்கா தரும் தற்காலிக வேலை விசா. அதற்கு நீங்களே மனுப் போட முடியாது. அமெரிக்க முதலாளியோ அமெரிக்க ஏஜெண்டோதான் ஐ-129 பாரம் போடணும். "நீங்களே போடலாம்" என்று சொல்லி எங்களிடம் 800 வெள்ளி வாங்கிய ஒரு புண்ணியவான் உண்டு. எச்-1பி என்ற மற்ற வேலை விசாவைப் போல ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்போ குலுக்கலோ இதில் இல்லை.

நோபல் மாதிரிப் பரிசு இருந்தால் அதுவே போதும். நமக்கு ஏது? அறிவியல், கல்வி, வணிகம், விளையாட்டுக்காரர்களுக்கு எட்டு அளவுகோல். குறைந்தது மூன்று தேறணும். விருது, சாதித்தவர்களை மட்டும் சேர்க்கும் சங்கத்தில் உறுப்பியம், உங்களைப் பற்றி வெளியான செய்தி, அடுத்தவர் வேலையை மதிப்பிட்டது, துறையையே அசைத்த சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரை, பெயர்பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு, உயர்ந்த சம்பளம். மூன்று தேறினாலும் மொத்தமாக ஒருமுறை எடை போடுவார்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் நாங்கள் சறுக்கினோம். பழைய பேராசிரியர் ஒருவர் "பணிவானவர், நேரம் தவறாதவர்" என்று இரண்டு பக்கம் எழுதித் தந்தார். வக்கீல் அத்தனையும் அடித்துவிட்டார். பணிவுக்கு அங்கே மார்க் கிடையாது. இவன் கண்டுபிடித்த முறை என்ன, யார் யார் பயன்படுத்துகிறார்கள், முன்பு எப்படி இருந்தது, அதுதான் வேணும். இவனோடு வேலையே செய்யாத ஒருவர் எழுதினால் இன்னும் கனம்.

ஆய்விதழுக்குக் கட்டுரை மதிப்பிட்டிருந்தால், அழைத்த மின்னஞ்சல் மட்டும் போதாது; மதிப்பிட்டு முடித்ததற்கும் சான்று வேணும். தம்பி பாதியை அழித்துவிட்டிருந்தான். ஆசிரியர்களுக்கு எழுதித் திரும்ப வாங்கினோம்.

செய்தித்தாள் விஷயத்தில் அம்மாதான் வில்லி. தம்பி படம் வந்த தமிழ்ப் பத்திரிகைத் துண்டை அழகாகக் கத்தரித்து, பிரேம் போட்டு, சாமி மேடையில் வைத்துக் குங்குமமும் இட்டிருந்தார். தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் மூன்றும் வேணும். தேதி கத்தரிக்கோலோடு போயிருந்தது. பழைய இதழைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம். தமிழோ மலாயோ, எதுவானாலும் முழுசாக ஆங்கிலத்தில் பெயர்க்கணும். முழுமையானது, சரியானது, எனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திடணும். நான் அவனைப் பற்றிய பத்தியை மட்டும் பெயர்த்தேன், திரும்பி வந்தது.

துறையறிந்தவர்களின் கருத்துக் கடிதம் ஒன்றும் சேரும். மனு அனுமதியானதும் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். முதலில் அதிகபட்சம் 3 ஆண்டு கிடைக்கும்.

கூடப் போகும் மனைவி மக்களுக்கு ஓ-3 விசா. படிக்கலாம், வேலை செய்யக்கூடாது. தம்பி மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ராஜினாமாக் கடிதத்தோடு என் கடைக்குத்தான் நகல் எடுக்க வந்தாள். அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கணவரோடு போக சம்பளமில்லா விடுப்புக்கு மனு எழுதிக் கொடுத்தேன்.